உன் பெயர் என்ன?

பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்து சேரும் பையனைப் பார்த்து நாம் கேட்கும் முதற் கேள்வி, "உன் பெயர் என்ன?" என்பதுதான். இருபது வருஷத்துக்கு மேலாக இந்தக் கேள்வியைக் கேட்டு வருகிறோம். அதனால் பெரிய அனர்த்தம் ஒன்றும் விளைந்ததில்லை. ஆனால் இதே கேள்வியை ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம், தான் வந்திறங்கிய யந்திரத்தைப் பார்த்துக் கேட்கும்போது என்னென்ன விபரீதங்கள் நேரிடக் கூடும் என்பதைச் சென்ற கோடையில்தான் நேரில் கண்டோம்.

நம் தெருக் கோடியில் தையற்கடை வைத்திருப்பவரின் மகன் நம்மிடம் படித்தவன். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க்கு வாங்கித் தேறியிருந்தான். கல்லூரி ஒன்றில் சேர விண்ணப்பம் அனுப்புவதற்கு அன்றுதான் கடைசி நாள். இரவு எட்டு மணிக்குத் தன் பழைய லாப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு ஓடி வந்தான். அந்த யந்திரத்தில் ஆதியில் இருந்தது விண்டோஸ். வயதாகி அது தள்ளாடத் தொடங்கவே, பையன் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸைப் போட்டிருந்தான். யந்திரமும் சுறுசுறுப்பாக வேலை செய்து வந்தது. ஆனால் விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தால், அந்த யந்திரம் தகுதியற்றது என்றும், விண்டோஸ் உள்ள கம்ப்யூட்டரிலிருந்து வரவேண்டும் என்றும் ஒரு வாக்கியம் மாத்திரம் தோன்றியது. படிவம் தோன்றவில்லை. கைப்பேசியில் முயன்றாலும் அதே வாக்கியம். பிரௌஸிங் சென்டரைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நம் வீட்டுக் கம்ப்யூட்டரோ பழுது பார்க்கப் போயிருந்தது. நள்ளிரவில் விண்ணப்பக் கதவு சாத்தப்படும்.

பெங்களூரில் சாப்ட்வேர் உத்தியோகத்தில் இருக்கும் நமது பழைய மாணவர் ஒருவரைப் போனில் கூப்பிட்டோம். விஷயத்தைக் கேட்டதும் அவர் சிரித்தார்.

"ஸார், அந்தப் பக்கம் யந்திரத்தைச் சோதித்துப் பார்க்கவே இல்லை. பெயரை மட்டும் கேட்டிருக்கிறது. தம்பியைப் பெயரை மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள்" என்றார்.

உலாவியின் உட்புற அமைப்பில் ஓரிடத்தில், 'இது விண்டோஸ் யந்திரம்' என்று பொருள்படும் ஒரு வரியை எழுதச் சொன்னார். பையன் எழுதினான். படிவம் உடனே வந்துவிட்டது! பெயர், மார்க்கு, புகைப்படம், கட்டணம் எல்லாம் ஒழுங்காக ஏறின. பத்தேகால் மணிக்கு ரசீதும் கிடைத்தது. லினக்ஸினால் செய்ய இயலாத காரியம் என்று அந்தப் படிவத்தில் ஒன்றுகூட இல்லை.

மெய் சொன்னபோது சாத்திக்கொண்ட கதவு பொய் சொன்னதும் திறந்ததென்றால், உபாத்தியாயரான நமக்கு அது எப்படிப் பிடிக்கும்? ஆகவே இந்தப் பெயர் கேட்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது என்று அந்தப் பழைய மாணவரைத் தொந்தரவு செய்து சில வாரங்களாக விசாரித்து வந்தோம். நேயர்கள் வீட்டிலும் கம்ப்யூட்டர் இருக்கும். இந்தத் தொல்லை என்றாவது ஒருநாள் அங்கும் வந்தே தீரும்.

முதலில் ஒரு சிறு விளக்கம். கம்ப்யூட்டரின் உள்ளே கணக்குப் போடும் சில்லுக்குப் பிராஸஸர் என்று பெயர். அதற்குத் தெரிந்த உத்தரவுகள் ஒரு குறிப்பிட்ட தொகுதிதான். அந்தத் தொகுதியும் அமைப்பும் குலத்துக்குக் குலம் வேறுபடும். இன்டெல் குலத்துச் சில்லுக்கு எழுதிய உத்தரவை ஆர்ம் குலத்துச் சில்லிடம் கொடுத்தால், தமிழ் மட்டுமே அறிந்தவரிடம் தெலுங்கில் பேசியது போலத்தான். பிராஸஸருக்கு மேலே இயங்குதளம் என்ற நிர்வாகி அமர்ந்திருக்கிறார். விண்டோஸ், லினக்ஸ், மாக் ஓஎஸ், ஆண்ட்ராய்டு முதலியவை இந்த நிர்வாகிகள். கோப்பைத் திறப்பது, அச்சடிப்பது, படம் காட்டுவது எல்லாம் அவர் அநுமதியின் மேல் நடக்க வேண்டும். ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விதமாக விண்ணப்பிக்க வேண்டும். ஒரே புரோகிராம் பல யந்திரங்களிலும் ஓட வேண்டுமானால், 'நாம் எந்த வீட்டுக்கு வந்திருக்கிறோம், இங்கே நிர்வாகி யார்?' என்று அது தெரிந்துகொண்டே ஆகவேண்டும். கேள்வியில் குற்றமில்லை.

அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையில் 1969-ல் பிறந்த யுனிக்ஸ் என்ற இயங்குதளம், 1973-ல் பெரும்பாலும் 'சி' என்ற மொழியில் திருப்பி எழுதப்பட்டது. அதனால் வேறு குலத்து யந்திரத்துக்கும் அதைக் கொண்டுபோக வழி பிறந்தது. 1977-ல் ஆஸ்திரேலியாவின் வாலங்காங் சர்வகலாசாலையில் ரிச்சர்டு மில்லர் என்பவர் அதை இன்டர்டேட்டா என்ற கம்பெனியின் யந்திரத்தில் ஏற்றினார். இப்படிக் குடிபெயர்ந்த காலத்தைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்லுவார்கள். சில யந்திரங்கள் எண்ணை மூத்த பாகத்திலிருந்து எழுதி வைக்கும். சில இளைய பாகத்திலிருந்து எழுதும். 1234 என்பதை இரண்டிரண்டு இலக்கமாக ஒன்று 12, 34 என்று வைத்தால், மற்றொன்று 34, 12 என்று வைக்கும். ஒரு யந்திரத்தில் எழுதியதை மற்றொன்றில் படித்தபோது, யூ, என், ஐ, எக்ஸ் என்ற நான்கு எழுத்துக்கள் என், யூ, எக்ஸ், ஐ என்று புரண்டுபோய், யுனிக்ஸ் தன் பெயரையே 'நக்ஸி' என்று சொல்லிற்றாம்! முட்டையைப் பெருமுனையில் உடைப்பதா, சிறுமுனையில் உடைப்பதா என்று 'கல்லிவரின் யாத்திரை'யில் இரு கட்சியார் சண்டையிட்டது நேயர்களுக்கு நினைவிருக்கும். டானி கோஹென் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1980-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதியிட்ட கட்டுரையில், அந்தக் கட்சிப் பெயர்களையே இவ்விருவகை யந்திரங்களுக்கும் சூட்டினார். இன்றுவரை அவையே நிலைத்திருக்கின்றன. இப்போது நம் வீட்டுக் கம்ப்யூட்டரும் கைப்பேசியும் சிறுமுனைக் கட்சி. ஐபிஎம்மின் பெரிய யந்திரங்கள் பெருமுனைக் கட்சி.

இனிப் பெயர்களின் குழப்பத்துக்கு வருவோம். ஏதாவது ஒரு புரோகிராமை இறக்கிக்கொள்ளப் போனால், 'எக்ஸ்86', 'எக்ஸ்64', 'ஏஎம்டி64', 'ஆர்ம்64' என்று வரிசையாகக் கேட்கிறார்களே, இவற்றில் எது நமது? நம் நண்பர் ஒருவர், கணித உபாத்தியாயர், 64-ஐக் காட்டிலும் 86 பெரிது என்ற காரணத்தால் எக்ஸ்86-ஐத் தேர்ந்தெடுத்தார். கணக்கு சரிதான், பலன்தான் தவறு. 86 என்பது இன்டெல் கம்பெனி 1978-ல் வெளியிட்ட 8086 என்ற சில்லின் வால் எண். 64 என்பதோ யந்திரம் ஒரே தடவையில் கையாளும் எண்ணின் அகலம். இரண்டும் வெவ்வேறு அளவை. பாதை நீளத்தையும் அரிசி எடையையும் ஒப்பிட்ட கதைதான்.

'ஏஎம்டி64'-ன் வரலாறு இன்னும் ரஸமானது. பழைய இன்டெல் குலத்தை 64-க்கு விஸ்தரிக்கும் திட்டத்தை 1999-ல் அறிவித்தது இன்டெல் அல்ல, அதன் போட்டிக் கம்பெனியான ஏஎம்டி. 2003-ல் ஆப்டெரான் என்ற சில்லாக அது கடைக்கு வந்தது. இன்டெல்லோ அதற்குள் இட்டேனியம் என்ற முற்றிலும் புதிய குலத்தில் பெரும் பொருளைப் போட்டிருந்தது. ஜனங்கள் பழைய புரோகிராம்களை விட மனமில்லாமல் ஏஎம்டியின் வழியையே விரும்பவே, 2004-ல் இன்டெல்லும் அதே வழியை மேற்கொள்ள நேர்ந்தது. விளைவு என்ன? இன்றைக்கும் விண்டோஸைக் கேட்டால், இன்டெல் சில்லுக்குக்கூட 'ஏஎம்டி64' என்றே பெயர் சொல்லும். லினக்ஸோ அதே சில்லை 'எக்ஸ்86_64' என்னும். மைக்ரோஸாப்ட் தன் விளம்பரங்களில் 'எக்ஸ்64' என்னும். ஆர்ம் குலத்திலும் இவ்வாறே: ஆப்பிள் யந்திரம் 'ஆர்ம்64' என்று சொல்வதை, லினக்ஸ் 'ஏஆர்ச்64' என்று சொல்லுகிறது. வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், பாட்டி கூப்பிடும் பெயர் ஒன்று என்று நம் குழந்தைகளுக்கு இருப்பதுபோல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பாட்டி கூப்பிட்டாலும் பையன் ஓடி வருவான். புரோகிராமோ, தான் எதிர்பார்த்த எழுத்துக்கள் அப்படியே இல்லாவிட்டால், 'இவன் அந்நியன்' என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

எழுத்துக்களைத் தேடுவதிலும் ஓர் ஆபத்து உண்டு. யந்திரம் சொல்லும் பெயரில் ஆங்கிலத்தில் 'வின்' என்ற மூன்றெழுத்து இருந்தால் அது விண்டோஸ்தான் என்று சில புரோகிராமர்கள் முடிவு கட்டி எழுதிவிடுகிறார்கள். ஆப்பிள் மாக் யந்திரத்தின் அடித்தளத்துக்கு என்ன பெயர் தெரியுமா? டார்வின்! அதன் வாலிலும் 'வின்' இருக்கிறதே! புரோகிராம் மாக் யந்திரத்துக்குள் புகுந்து, விண்டோஸ் நிர்வாகியைத் தேடி, காணாமல் விழுந்து விடுகிறது. இந்தத் தவறு ஒரு தடவையல்ல, பல பேரால் பல தடவை செய்யப்பட்டிருக்கிறது என்று நமது மாணவர் சொல்லுகிறார்; தாமும் ஒருமுறை செய்ததாக ஒப்புக்கொண்டார்.

பதிப்பு எண்ணைக் கேட்பதில் விளைந்த விநோதத்தை, பள்ளிக்கூடத்தார் எளிதில் உணர்வார்கள். விண்டோஸ் எக்ஸ்பியின் உள் எண் 5.1. 'எக்ஸ்பியோ அதற்குப் பிந்தியதோ இருந்தால் ஓடு' என்று எழுத நினைத்த சிலர், 'முதல் எண் 5-க்குக் குறையக் கூடாது. இரண்டாம் எண் 1-க்குக் குறையக் கூடாது' என்று எழுதினார்கள். பிறகு விஸ்டா வந்தது. அதன் எண் 6.0. ஆறு, ஐந்துக்குக் குறையவில்லை. ஆனால் பூஜ்யம் ஒன்றுக்குக் குறைகிறது. ஆகவே, 'இது மிகவும் பழைய யந்திரம்' என்று புத்தம் புதிய யந்திரத்தைப் புரோகிராம்கள் துரத்தின! ஐந்து வயது ஒரு மாதம் நிரம்பினால்தான் பள்ளியில் சேர்க்கலாம் என்று விதி இருக்க, சரியாக ஆறு வயது முடிந்த குழந்தையைப் பார்த்து, 'மாதம் பூஜ்யம். சேர்க்க முடியாது' என்று ஒரு குமாஸ்தா சொன்னால் எப்படியிருக்கும்? அப்படித்தான் இருந்தது. இதைக் கண்டு பயந்துபோன மைக்ரோஸாப்ட், அடுத்து வந்த விண்டோஸ் 7-க்கு உள் எண்ணை 7 என்று வைக்காமல் 6.1 என்று வைத்தது. விண்டோஸ் 8-க்கு 6.2. 2013-ல் வந்த விண்டோஸ் 8.1 ஒரு படி மேலே போயிற்று: தன்னை அறிந்ததாக முன்கூட்டியே எழுதித் தராத புரோகிராம் எதுவாயினும், அதனிடம் தன் உண்மை எண்ணை மறைத்து 6.2 என்றே சொல்லிற்று. 2021-ல் வந்த விண்டோஸ் 11-ஐக் கேட்டால், '10.0' என்று கூசாமல் சொல்லுகிறது. அதற்குப் பின்னால் வரும் 22000 முதலான கட்டட எண்ணைப் பார்த்தால்தான் குட்டு வெளியாகும்.

ஆக, கேள்வி கேட்பவர் தவறாகக் கேட்பதால், பதில் சொல்பவர் பொய் சொல்லக் கற்றுக்கொள்கிறார். வகுப்பில் வராத பையனுக்காகப் பக்கத்துப் பையன் 'உள்ளேன் ஐயா' என்று குரல் கொடுப்பானே, அந்த வித்தையில் இணைய உலாவிகளை மிஞ்ச ஆளில்லை. 1994-ல் நெட்ஸ்கேப் உலாவி 'மொஸில்லா' என்று தன் பெயரைச் சொல்லிக்கொண்டு புறப்பட்டது. பல பக்கங்கள் மொஸில்லாவுக்கு மட்டும் அழகான வடிவத்தைக் கொடுத்து, மற்றவர்களுக்குச் சாதாரண வடிவத்தைக் கொடுத்தன. பின்னால் வந்த மைக்ரோஸாப்ட் உலாவி பார்த்தது. 'நானும் மொஸில்லா மாதிரிதான்' என்று சொல்லி உள்ளே நுழைந்தது. அதன் பிறகு வந்தவர்களும் தமக்கு முன் வந்தவர்களின் பெயர்களையெல்லாம் சேர்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். 2008-ல் வந்த குரோம், தன்னை மொஸில்லா என்றும், ஸபாரி என்றும், கெக்கோவைப் போன்றது என்றும் ஒரே மூச்சில் சொல்லுகிறது. ஆப்பிள் கம்பெனி 2020-ல் இன்டெல் சில்லைக் கைவிட்டுத் தன் சொந்த ஆர்ம் சில்லுக்கு மாறத் தொடங்கியது. அந்தப் புது யந்திரத்திலிருந்தும் உலாவி, 'நான் இன்டெல் மாக்' என்றே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. நம் தையற்காரர் மகன் சொன்ன ஒரு பொய்க்காக நாம் பட்ட மனவேதனை கொஞ்சம் தணிந்தது இங்கேதான்.

ஆப்பிளின் அந்தப் புது யந்திரத்தில் ரொஸெட்டா என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் உண்டு. இன்டெல்லுக்கு எழுதிய பழைய புரோகிராமை ஆர்ம் மொழியில் பெயர்த்து ஓட்டுவது அவர் வேலை. அப்படி ஓடும் புரோகிராம், 'இது என்ன சில்லு?' என்று கேட்டால், 'எக்ஸ்86_64' என்றே பதில் வரும். இது மோசடியல்ல, கருணை. உண்மையைச் சொன்னால் அந்தப் பழைய புரோகிராம் மிரண்டுவிடும் அல்லவா? 'நான் மொழிபெயர்க்கப்பட்டு ஓடுகிறேனா?' என்று தனியாகக் கேட்கும் புத்திசாலிக்கு மட்டும் 'ஆம்' என்ற பதில் கிடைக்கும். விண்டோஸிலும் 64-பிட் யந்திரத்தில் ஓடும் 32-பிட் புரோகிராமுக்கு 'எக்ஸ்86' என்றே சொல்லப்படுகிறது. அங்கே இன்னொரு கூத்து: 'சிஸ்டம்32' என்ற அறையில் இருப்பவை 64-பிட் சாமான்கள், 32-பிட் சாமான்களோ 64 என்று பெயர் முடியும் வேறோர் அறையில் இருக்கின்றன. அறையின் பழைய பெயரை எண்ணற்ற புரோகிராம்கள் மனப்பாடம் செய்து வைத்திருந்ததால், பெயரை மாற்றத் துணியவில்லை.

இதற்கெல்லாம் பரிகாரம் கிடையாதா? உண்டு. 1991-ல் டேவிட் மக்கென்ஸி என்பவர் ஆட்டோகான்ப் என்ற கருவியைச் செய்தார். அதன் யுக்தி, நம் வீட்டுப் பெரியவர்கள் சமையற்காரரை அமர்த்தும் யுக்திதான். எந்த ஊர், யாரிடம் வேலை பார்த்தீர் என்று கேட்டுக்கொண்டிராமல், 'இன்றைக்கு ஒரு ரசம் வையும், பார்க்கலாம்' என்று சொல்லிவிடுவது! யந்திரத்தின் பெயரைக் கேட்பதற்குப் பதிலாக, ஒரு சின்னஞ்சிறு புரோகிராமை அங்கேயே எழுதி, அது ஓடுகிறதா என்று பார்ப்பது. ஓடினால் அந்த வசதி உண்டு, இல்லையேல் இல்லை. நாளைக்குப் பிறக்கப் போகும், பெயரே வைக்கப்படாத யந்திரமும் இந்தப் பரீட்சையில் தேறலாம். விண்ணப்பப் பக்கத்தை எழுதியவர் இவ்வாறு செய்திருந்தால், அன்றிரவு நமக்குத் தூக்கம் கெட்டிராது.

எனினும் பெயரை அறவே தள்ளிவிட முடியாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ரசம் வைக்கச் சொல்வதற்கே சமையற்காரருக்கு நம் பாஷை புரிய வேண்டுமே! தவறான குலத்துப் புரோகிராம் ஓடவே தொடங்காது. ஓடாதது எப்படிக் கேள்வி கேட்கும்? ஆகவே புரோகிராம் கோப்பின் முகப்பிலேயே குலத்தைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். லினக்ஸ் கோப்பில் அது ஓர் எண்: 62 என்றால் எக்ஸ்86-64, 183 என்றால் 64-பிட் ஆர்ம், 243 என்றால் ரிஸ்க்-வி என்ற புதிய குலம். நிர்வாகி அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். விண்டோஸ் புரோகிராம் ஒவ்வொன்றும் 'எம்', 'இஸட்' என்ற இரண்டெழுத்தில் ஆரம்பிக்கிறது; பழைய டாஸ் காலத்தில் அந்த அமைப்பை வகுத்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் முதலெழுத்துக்கள் அவை. ஆப்பிள்காரர்கள் இன்டெல்லுக்கு ஒன்று, ஆர்முக்கு ஒன்று என்று இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பிவிடுகிறார்கள். கைப்பேசிக்கான புரோகிராமை மேஜைக் கம்ப்யூட்டரில் தயாரிப்பவர்களுக்கும் ருசி பார்க்க வழியில்லை. சாப்பிடுகிறவர் வேறிடத்தில் இருக்கிறார். அவர்கள் குலம், தளம் எல்லாவற்றையும் பெயர் சொல்லித்தான் ஆகவேண்டும். அதற்காகவே, 'ஏஎம்டி64' என்று சொன்னாலும் அதை 'எக்ஸ்86_64' என்று ஒரே முறையான பெயராகத் திருத்தித் தரும் ஒரு பட்டியலைக் க்னூ சங்கத்தார் பல வருஷங்களாகப் பராமரித்து வருகிறார்கள். பள்ளிக்கூடப் பதிவேடு போன்ற அலுப்பான வேலை. ஆனால் யாராவது செய்துதான் தீரவேண்டும்.

நேயர்கள் தங்கள் யந்திரத்தின் குலத்தை அறிய விரும்பினால், விண்டோஸில் 'செட்டிங்ஸ்' சென்று, 'சிஸ்டம்' என்பதன் கீழ் 'அபௌட்' என்ற பகுதியில் 'சிஸ்டம் டைப்' என்ற வரியைப் பார்க்கலாம். மாக் யந்திரத்தில் ஆப்பிள் சின்னத்தைத் தொட்டு முதல் வரியைத் திறந்தால், 'சிப்' என்றோ 'பிராஸஸர்' என்றோ எழுதியிருக்கும். முன்னது ஆப்பிளின் சொந்தச் சில்லு, பின்னது இன்டெல். ஏஎம்டி என்ற எழுத்தைக் கண்டு இன்டெல் வீட்டார் பயப்பட வேண்டியதில்லை.

பையன் மறுநாள் காலையில் ரசீதின் நகலோடு வந்தான்.

"ஸார், யந்திரத்தின் பெயரைத் திரும்பவும் லினக்ஸ் என்றே மாற்றிவிடட்டுமா?" என்று கேட்டான்.

"அவசியம் மாற்றிவிடு, தம்பி. பொய்ப் பெயர் நமக்கு எதற்கு?" என்றோம்.

அவன் தயங்கி நின்றான். "கலந்தாய்வுக்கு மறுபடியும் அந்தப் பக்கத்துக்குத்தானே ஸார் போகவேண்டும்?" என்றான்.

நாம் சிறிது நேரம் யோசித்துவிட்டு, கலந்தாய்வு முடிகிற வரையில் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினோம்.